மூன்றாம் கியர் விழாத வண்டி

பசறை கடைத்தெருவைத் தாண்டி ரோடு சமதரையாகும் இடத்தில் மூன்றாம் கியர் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. செங்குத்தான மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதைப் போல, அந்த அறுபத்தேழாம் வருடத்து இங்கிலீஷ் கார் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு போனது. நப்ரீஸ் ஆக்சிலரேட்டரில் இருந்த காலை லேசாகத் தளர்த்தினான். மறுபடி மெதுவாக அழுத்தினான். முனகல் மாறவில்லை.

அவன் தன் கையால் பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டிய, தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர் பெட்டி அது. பதுளையில் இப்படிப்பட்ட பழைய பெட்டியைத் திறக்கத் துணிகிறவன் அவன் ஒருவன்தான் என்று பெயர். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள், வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டுவதற்காக வாங்கிய கார். ஹோட்டலின் புது டிரைவர் தினேஸ் அன்று மத்தியானம் அதைக் கராஜுக்குக் கொண்டுவந்தான்.

"சமதரையிலயும் மலை ஏறுற மாதிரியே இழுக்குதுங்க பாஸ். மடுல்சீமை ரோட்டுல மட்டுந்தான். டவுன்ல ஒரு தொந்தரவும் இல்ல."

"நிறைய ஆள் ஏத்திட்டு போனீங்களா?"

"தனியாத்தாங்க போனேன்." தினேஸ் சாவியை மேசையில் வைத்தான். "நீங்களும் ஒருக்கா தனியா ஓட்டிப் பாருங்க. நான் பஸ்ஸில போயிக்கிறேன்."

எண்ணெய் அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பு, கருகிய வாசம் இல்லை. கேபிளை இழுத்துப் பார்த்தான், சரி. பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, எண்ணெயின் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தான். இப்போது அந்த முள்ளும் சரியான இடத்திலேயே நின்றது. பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே காரணம்தான். வண்டியில் பாரம் இருக்கிறது.

மணி நாலரை இருக்கும். மலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கி, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. அவன் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கி, பின்னால் போய்ப் பார்த்தான். டிக்கி காலி. பின் சீட் காலி. ஆனால் இடது பின் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டியது, ஒரு விரல்கூட நுழையாமல் தாழ்ந்திருந்தது. கையை வைத்து அமுக்கினான். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவன் கையை எடுத்த பிறகும், உள்ளே யாரோ உட்கார்ந்தபடி சற்று நகர்ந்து இடம் சரிசெய்துகொண்டதைப் போல, இன்னொரு முறை கிறீச்சிட்டது.

திரும்பிப் போய்விடலாம் என்று ஏறி, ரிவர்ஸ் போட்டான். விழவில்லை. என்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. முன்னால் போகும் கியரைப் போட்டதும் சொன்னபடி நகர்ந்தது. ஒடுங்கிய ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். முன்னால்தான் போயாக வேண்டும்.

முன்னால் இருந்தது ரெங்கம்மா கொழுந்து பறித்த தோட்டம்.

அந்தப் பெயரை அவன் எட்டு மாதமாக வாயால் சொன்னதில்லை. கார் நின்ற இடத்திலிருந்து உருளாமல் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க, பெட்டிக்குள் ஒரு இரும்புப் பல் உண்டு. இந்தப் பெட்டியில் அது தேய்ந்து போயிருந்தது. புதியது வந்து சேரவில்லை. ஹோட்டல் திறப்பு விழாவுக்கு வண்டி தயாராகும் என்று அவன் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தான். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பழைய பல்லையே பூட்டிவிட்டு, புதிது போட்டேன் என்றான். மூன்றாம் வாரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே சரிவில் நிறுத்தியிருந்த கார் தானாகப் பின்னால் உருண்டது. மழையில் நனைந்த கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்தபடி ரெங்கம்மா கீழே வரிசையில் நின்றிருந்தாள்.

விசாரணையில், "பெட்டியில ஒரு கொறையும் இல்ல சேர்" என்றான். அப்போதைய டிரைவர் மாடசாமி அவனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். வண்டியைச் சரியாக நிறுத்தாதவர் என்று அவர் மேல் வழக்கு விழுந்தது, வேலையும் போனது. விபத்துக்குப் பின் அவன் வண்டியைப் பரிசோதிக்கத் தோட்டத்துக்குப் போன அன்று, ரெங்கம்மாவின் மகள் சுதர்ஷினி, அழுது வீங்கிய கண்ணோடு அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "அவ்வளவு தூரம் வந்தீங்களே" என்றாள். அவன் வாங்கிக் குடித்தான். பிறகு சர்வீஸ் என்ற பெயரில் வண்டியை வாங்கி, புதுப் பல்லைப் பூட்டி, தேய்ந்ததை ஆற்றில் எறிந்தான். அந்தத் தேத்தண்ணியின் இனிப்புதான் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

வளைவு. இன்னொரு வளைவு. கண்ணாடிகள் மூடியிருந்தன, ஆனாலும் காருக்குள் ஈரக் கொழுந்தின் பச்சை வாசம் எழுந்தது. அதோடு நனைந்த சாக்கின் வாசம். வெற்றிலை. ஹீட்டரில் ஏதாவது ஒழுகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இந்த வண்டியில் ஹீட்டர் வேலை செய்யாது என்பது அவனுக்குத் தெரியும்.

பின்னால் சொட்டுச் சத்தம். சீட்டின் தோலில்.

ஒன்று.

ஒன்று.

அவன் உள்கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அதைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட, அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

வண்டி இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. நடந்து போகிறவனின் வேகம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசல் வந்ததும் கியர் தானாகக் கழன்றது. என்ஜின் ஓடியது, சக்கரம் நின்றது.

வேலை முடித்து வந்தவர்கள் குழாயடியில் நின்றிருந்தார்கள். சுதர்ஷினி குடத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பக்கத்து வாசற்படியில் மாடசாமி உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது.

நப்ரீஸ் இறங்கினான்.

"என்னங்க பாஸ், வண்டியில என்ன கொறை?" என்று சுதர்ஷினி கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஒரு கொறையும்..." என்று பழகிய வாய் தொடங்கியது.

அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"கொறை இருந்திச்சு," என்றான். "அன்னைக்கே இருந்திச்சு. பல்லு தேஞ்சிருந்திச்சு. நான் மாத்தல்ல. மாத்தினேன்னு பொய் சென்னேன். மாடசாமி அண்ணன் மேல ஒரு பிழையும் இல்ல. உங்க உம்மா... உங்க அம்மா மௌத்தானது என்னாலதான் தங்கச்சி."

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதை மூடவில்லை.

"அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேங்க," என்றார் மாடசாமி. அவ்வளவுதான். ஏசவில்லை. எழுந்து வந்து அடித்திருந்தால் நப்ரீஸ் தாங்கியிருப்பான்.

சுதர்ஷினி அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிக் காரின் மேல் இருந்தது. எல்லோருடைய பார்வையும் அங்கேதான் இருந்தது.

ஸ்பிரிங் மெல்ல விரிந்தது. தாழ்ந்திருந்த பின்பக்கம் உயர்ந்தது. பாரத்தோடு ஒருவர் பார்த்துப் பார்த்து இறங்கும்போது வண்டி உயர்வதைப் போல. கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

கருங்கல் ஜல்லி நெரிந்தது.

ஓர் அடி.

இன்னும் ஓர் அடி.

குழாயடியில் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள். இரண்டு பக்கமும். தலைச்சுமையோடு வருகிறவளுக்கு வழி விடுவதைப் போல. மாடசாமி எழுந்து நின்றார். சுதர்ஷினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நப்ரீஸ் தலை குனிந்தபடி நின்றான். பச்சைக் கொழுந்தின் வாசம் மூச்சை அடைத்தது. நிமிர்ந்தால் முகம் தெரியும். நிமிர முடியவில்லை.

ஜல்லி நெரியும் சத்தம் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவன் செருப்பு நுனிக்கு முன்னால், காய்ந்த மண்ணில், உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

பிறகு இன்னொன்று.

அவள் காத்துக்கொண்டிருந்தாள், அவன் நிமிர்ந்து பார்ப்பதற்காக.