லிஜா நிறுத்தச் சொன்ன பிரேக்

“ஏட்டி, குடில் பத்திரம்!” என்றார் ஜெஸ்பின் மாமா. பெங்களூரிலிருந்து புதுக் காரில் வந்திருந்தார்.

லிஜாவின் மடியில் கிறிஸ்துமஸ் குடில் இருந்தது. மாதா கோயிலில் நடக்கும் குடில் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு முளைக்க வைத்து வளர்த்த புல், களிமண் ஆடுகள், எல்லாம் அவளே செய்தவை.

ரோட்டோரம் நடந்த ஒருவர் குடையோடு கொஞ்சம் திரும்பினார், அவ்வளவுதான். கார் சடக்கென்று நின்றது. ஒரு ஆட்டுக்கு நாலு காலும் போச்சு.

“மாமா!”

“நான் மிதிக்கல மக்கா. ஆளு குறுக்கே வந்தா இந்தக் கார் தானா பிரேக் பிடிக்கும்.”

“அவரு குறுக்கே வரவே இல்லியே! அந்தத் தானா பிடிக்கிற சவத்த நிறுத்திப் போடுங்க. நீங்கதான் நல்லா ஓட்டுவீங்களே.”

கடைசியில் சொன்னது மாமாவுக்குப் பிடித்திருந்தது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார்.

குடிலுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. திரும்பும்போது, “பாருங்க மாமா!” என்று கோப்பையை நீட்டினாள் லிஜா. மாமா ஒரு நொடி பார்த்தார்.

டப்பென்று சத்தம். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த பக்கத்துத் தெரு ஞானசிங் தாத்தா கீழே கிடந்தார்.

மாமாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கால் எலும்பு முறிந்திருந்தது. “பெரியவரு பாக்காம வந்துட்டாரு” என்று எல்லோரிடமும் சொன்னார். லிஜா வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவோடு தாத்தா வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி செல்லபாய் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“கண்ணு தெரியாத ஆளு இனி வெளிய போவண்டாம். டீக்கடையும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம்!”

“ரெண்டு பக்கமும் பாத்த மாதிரிதான் இருக்கு,” என்றார் தாத்தா மெதுவாக. “பாக்கலியோ என்னவோ.”

லிஜா அவர் பக்கத்தில் போனாள்.

“நீங்க பாத்துதான் வந்தீங்க தாத்தா. மாமாதான் பாக்கல. நான்தான் பரிசக் காட்டுனேன். தானா பிடிக்கிற பிரேக்கையும் நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஒரு களிமண் ஆட்டுக்காக.”

அம்மா அவளையே பார்த்தாள்.

“அது இருந்திருந்தா கார் நின்னிருக்குமா?” என்று கேட்டார் தாத்தா.

“நிச்சயமாத் தெரியல. நின்னிருக்கும்னுதான் தோணுது.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தாத்தா மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியாட்டி செல்லபாய்? எனக்க கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல!” என்றார்.

“கேட்டேன், கேட்டேன். காலு சரியானதும் போங்க, யாரு தடுத்தா?”

தாத்தா சிரித்தார். லிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எப்ப சரியாவும் தாத்தா?”

“ரெண்டு மாசம் ஆவுமாம்.”

“அதுவரைக்கும் நான் தினமும் வந்து பேப்பர் வாசிக்கட்டா?”

“வாசி மக்கா,” என்றார் தாத்தா. “டீக்கடை டீயை யாரு தருவா?”