நாக்கு நீட்டிய ஊசிப்பொம்மை

முத்துப்பேட்டையிலிருந்து வந்த காலை பஸ் ஹமீதா பானுவைப் புங்கஞ்சேரி மதகடியில் இறக்கிவிட்டுப் போனபோது, ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கையில் குடை, தோளில் கம்பளி நூல் அடைத்த பை. ஊராட்சி ஒன்றியம் புதிதாகத் திறக்கும் பெண்கள் தையல் வகுப்புக்கு அவள்தான் டீச்சர்.

வகுப்பு நடக்கவேண்டிய இடம் மிராசுதாரின் பழைய வீடு. நில உச்சவரம்புச் சட்டம் வந்த மறு வருஷம் மிராசுதார் குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டார். பூட்டிக் கிடந்த வீட்டை மாதர் சங்கத்துக்கு வாடகையில்லாமல் விட்டுக்கொடுத்ததற்காக அவருக்கு மேடையில் மாலை போட்டார்கள். அவருடைய காரியக்காரர் சாமிதுரை சாவிக்கொத்தோடு வாசலில் காத்திருந்தார். ஐம்பது வயது, தடித்த மீசை, மடிப்புக் கலையாத வேட்டி.

"கூடத்துல வகுப்பு நடத்திக்குங்க டீச்சரம்மா. பின்கட்டுல பத்தாயம் இருக்கற ரூமுக்கு மட்டும் போவாதீங்க. பூரான் கெடக்கும்."

"நெல்லு இருக்கா உள்ள?"

"காலியா கெடக்கு. ரெண்டு வருஷமாச்சு." அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கூடத்தில் ஈரச்சுவரின் வாடை அடித்தது. நடுவே முற்றம். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் அதில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஹமீதா பிஸ்மி சொல்லி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். தையல் பரீட்சையில் கம்பளிப் பின்னலும் ஒரு பாடம் என்று சொன்னதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தஞ்சாவூர் வெயிலில் ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுவது? முதல் வாரம் முழுக்கக் கண்ணிகள் நழுவின, நூல் சிக்கியது, கொட்டாவி பரவியது.

அவர்களைச் சிரிக்க வைக்கத்தான் ஹமீதா அந்தப் பொம்மையைப் பின்னினாள். வெள்ளைக் கம்பளியில் தேங்காய் அளவுக்கு ஒரு பேய்த்தலை. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு பொத்தான் கண்கள். கறுப்பு நூலில் மீசை. சிவப்பு நாக்கு வெளியே தொங்கியது. குண்டூசியும் தையல் ஊசியும் குத்தி வைக்கத்தான் அது. எத்தனை குத்தினாலும் பல்லிளித்துக்கொண்டே இருக்கும்.

"டீச்சர், இது நம்ம காரியக்காரர்!" என்றாள் ஒருத்தி.

கூடம் அதிர்ந்தது. ஆளாளுக்கு ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹமீதா அந்த மனிதரை நினைத்து மீசை வைக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு பார்த்தால் அவரேதான்.

கடைசி வரிசையில் இருந்த வேம்பு மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டு வயது, மாமன் வீட்டில் வளர்கிறவள். அவள் அம்மா ராசம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவனோடோ வேதாரண்யம் உப்பளத்துக்கு ஓடிப்போனாள் என்று ஊர் பேசியது. அதனால் மற்றப் பெண்கள் வேம்புவின் பக்கத்தில் பாய் போடுவதில்லை.

பொம்மைக்குள் அப்போது பழந்துணிதான் இருந்தது. ஊசி சரியாக இறங்கவில்லை. உமி கிடைக்குமா என்று பார்க்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹமீதா பின்கட்டுக்குப் போனாள். பூரான் பயம் அவளுக்கு இல்லை.

பத்தாயம் ஆள் உயரத்துக்கு நின்றது. அடியில் இருந்த சிறு கதவைத் தூக்கிக் கைவிட்டுத் துழாவினாள். நெல்மணி கூட இல்லை. விரலில் மெத்தென்று ஏதோ சுற்றியது.

முடி.

இழுக்க இழுக்க வந்தது. நல்ல நீளம், கன்னங்கரேல் என்ற ஒரு முழுப் பின்னல். மிராசு வீட்டுப் பெண்கள் விட்டுப்போன சவுரியாக இருக்கும் என்று நினைத்தாள். முடி அடைத்தால் அதிலிருக்கும் எண்ணெய்ப் பசையால் ஊசி துருப்பிடிக்காது என்று அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா சொல்லியிருந்தார். அலசிக் காயவைத்து, பொம்மை புடைக்க அடைத்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கூடத்தைத் திறந்தபோது, பொம்மையில் ஒரு ஊசியும் இல்லை. அத்தனையும் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றும் துருவேறிச் செக்கச்செவேல் என்றிருந்தது.

எலி உருட்டியிருக்கும், ஈரத்தில் துருப்பிடித்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு புது ஊசிகளைக் குத்தினாள்.

அடுத்த நாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள், பின்னலின் கண்ணிகளுக்கு நடுவிலிருந்து நாலைந்து முடிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கத்தரியால் வெட்டிவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் திரும்பிப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் விரல் நீளம் வளர்ந்திருந்தது.

அன்றிரவு வீட்டில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வேலையை விட முடியாது. கணவர் பினாங்கிலிருந்து கடிதம் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மழை வலுத்தது. பகல் பதினோரு மணிக்கே கூடம் இருண்டுவிட்டது. பெண்கள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். ஊசி எடுக்க வந்த வேம்பு பொம்மையைத் தொட்டுவிட்டு அப்படியே நின்றாள். மெல்லக் குனிந்து மோந்து பார்த்தாள்.

"டீச்சர்." பொம்மையைக் காட்டினாள். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஏம்மா?"

"வெட்டிவேர் வாசனை வருது டீச்சர். எங்கம்மா வாய்க்கா கரையில புடுங்கியாந்து எண்ணெயில போட்டுக் காய்ச்சும். வேற யாரும் இந்த ஊர்ல அப்படிச் செய்யமாட்டாங்க."

சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசிய முடி அது.

"உங்கம்மா போனப்ப என்ன நடந்துச்சு, வேம்பு?"

"குத்தகையைப் பேருல பதியணும்னு தாசில்தார்கிட்ட மனு குடுத்துச்சு. மூணு மா நெலம். ரெண்டு தடவை ஆளு வந்து மெரட்டுனாங்க. மூணாவது தடவை மிராசு வீட்டுக்குப் பேச வரச்சொன்னாங்க. விடியக்காலம் என்னைய எழுப்பாம போச்சு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சாமிதுரை ஐயாதான் சொன்னாரு, உப்பளத்து பஸ்ல ஒருத்தனோட ஏறுனதைப் பாத்தேன்னு."

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

சாமிதுரைதான். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"என்னமோ என்னைய மாதிரி பொம்மை பண்ணி ஊசி குத்துறீங்களாமே. ஊரே பேசுது. எங்க, காட்டுங்க பாப்போம்."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரே மேஜையிலிருந்து பொம்மையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொங்கிய நாக்கைச் சுண்டினார்.

"நல்லாத்தான் இருக்கு." சொன்னவர் மூக்கைச் சுளித்தார். "என்ன வாடை இது? ஏன் இவ்ளோ ஈரமா இருக்கு?"

அவர் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. சேற்றுத் தண்ணீர். பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்தது.

"உள்ள என்னத்த வச்சு அடைச்சீங்க?"

"பத்தாயத்துல ஒரு சவுரி கெடந்துச்சுங்க. அதைத்தான்."

முற்றத்துத் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது போலிருந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

சாமிதுரை பொம்மையைக் கீழே போடப் பார்த்தார்.

விழவில்லை.

கையை உதறினார். மறு கையால் பிடித்து இழுத்தார். அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். பின்னலின் கண்ணிகளிலிருந்து கறுப்பாக இழைகள் இறங்கி அவர் விரல்களைச் சுற்றியிருந்தன. மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. ரிஸ்ட்வாட்சின் கண்ணாடியே தெரியவில்லை.

"கத்தரி குடுங்க. டீச்சர், கத்தரி."

ஹமீதா மேஜையிலிருந்து பின்வாங்கினாள்.

அவர் பல்லால் கடித்து இழுத்தார். தையல் பிரிந்தது. உள்ளேயிருந்து முடி சரிந்தது. ஹமீதா அடைத்தது ஒரு பின்னல்தான். இது நிற்காமல் சரிந்தது. மேஜையை மூடி, தரையில் பரவி, ஈரமும் வெட்டிவேர் வாசனையுமாக அவர் கணுக்கால் வரைக்கும் குவிந்தது.

வேம்பு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எங்கம்மா எங்க?" கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தை, சற்று உயரமாகப் பார்த்தார். அங்கே நிற்பவரிடம் சொல்வது போலவே சொன்னார்.

"முடிய அறுத்தது மட்டும்தான் நானு. மானம் போனா நீ மனுவை வாபஸ் வாங்கிக்குவேன்னு மொதலாளி சொன்னாரு. நீ அடங்கலியே ராசம்மா. திமிறிக்கிட்டுத் தூண்ல போயி விழுந்தே. மூச்சு இருந்துச்சு, எனக்குத் தெரியும். கெணத்துல போடச் சொன்னது அவரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். நான் காலைத்தான் புடிச்சேன்."

பதினொரு பெண்களும் கேட்டார்கள். ஹமீதாவும் கேட்டாள்.

சாமிதுரை அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கையில் பிரிந்த பொம்மையின் தலை, பொத்தான் கண்ணோடு பல்லிளித்துக்கொண்டிருந்தது. தரையில் இப்போது கிடந்தது ஒரேயொரு பின்னல்தான்.

கொல்லையில் தூர்த்த கிணறு ஒன்று இருந்தது. அதன்மேல் வாழை வைத்திருந்தார்கள். போலீஸ் முன்னிலையில் செங்கொடி விவசாயச் சங்கத்து ஆட்கள் இரண்டு நாள் மண்ணை வெட்டி வாரினார்கள். பன்னிரண்டு அடியில் ராசம்மாள் கிடைத்தாள். இடுப்பில் சொருகிய சுருக்குப்பையில், மக்கியும் மக்காமலும் அந்த மனுவின் நகல் இருந்தது. வேம்பு அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

"ஓடிப்போவலியே டீச்சர். என்னைய உட்டுட்டு ஓடிப்போவலியே."

ஹமீதா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

எலும்புகளோடு பின்னலையும் வைத்து வாய்க்கால் கரையில் எரித்தார்கள். பொம்மையின் கம்பளியையும் ஹமீதாவே கொண்டுபோய் அந்த நெருப்பில் போட்டாள். சாமிதுரை கோர்ட்டிலும் அதையே சொன்னார். பதினான்கு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது. மிராசுதாருக்குப் பெரிய வக்கீல் வந்தார். மிராசுதார் பெயர் வழக்கில் நிற்கவில்லை. ஆனால் அந்த மூன்று மா நிலம் வேம்பு பெயரில் பதிவாயிற்று. பக்கத்தில் பாய் போடாத பெண்கள்தான் முதல் நடவுக்குக் கூலி வாங்காமல் வந்து இறங்கினார்கள்.

அதற்கெல்லாம் முன்பே, பின்னலை எரித்த பதினைந்தாம் நாள், வகுப்பை மறுபடி திறந்தார்கள். கூடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நல்ல வெயில் அடித்தது. ஹமீதா பரீட்சை மாதிரிக்காக நீலக் கம்பளியில் குழந்தைத் தொப்பி ஒன்றை ஆரம்பித்தாள். சாயங்காலம் ஆறு வரிசையோடு ஊசியிலேயே விட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை முத்துப்பேட்டைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

மறுநாள் திறந்தபோது தொப்பியில் ஏழாவது வரிசை ஏறியிருந்தது.

அது புதிதாகக் கற்பவரின் கை. நூல் ஒரு இடத்தில் இறுகியும் ஒரு இடத்தில் தொளதொளத்தும் இருந்தது. மூன்று கண்ணிகள் நழுவியிருந்தன. கம்பளி ஈரமாக இருந்தது, லேசாக வெட்டிவேர் வாசனை வந்தது. ஹமீதா வேம்புவைப் பார்த்தாள். அவள் குனிந்து தன் வேலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அந்த வரிசையைப் பிரிக்கவும் ஹமீதாவுக்குக் கை வரவில்லை. அப்படியே வைத்துப் பூட்டினாள்.

அடுத்த நாள் காலை பீரோவைத் திறந்தாள்.

நான்கு வரிசை கூடியிருந்தது.

இந்தத் தடவை ஒரு கண்ணிகூட நழுவவில்லை.