பொருந்தாத கதவுப் பலகை

"எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டார். என் வீட்டுக்காரர் திருட மாட்டார். ரெண்டும் எப்படி சார் ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்?"

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விபத்தில் சிக்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகும் இப்படி யாராவது தேடி வருவது அவருக்குப் பழகியிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா. உங்க அண்ணன் யாரு?"

"கார் ரிப்பேர் ஷெட்டுல டிங்கர். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவுல குஷன் கடை வெச்சிருக்கார்."

ஊரறிந்த டாக்டர் ஒருவர், தன் அப்பா ஓட்டிய பழைய காரைப் புதுப்பிக்க அந்த ஷெட்டில் விட்டிருந்தார். துருவை வெட்டி, தகடு ஒட்டி, ஒடுக்கெடுத்தது டிங்கர். சீட்டுகளுக்கும் நான்கு கதவுகளின் உள்பலகைகளுக்கும் புதுத் தோல் போட்டது குஷன்காரர். பலகை பழையதே, மேலே போர்த்திய தோல்தான் புதிது. பெயின்ட் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மாட்டினார்கள். மூன்று கதவுகளில் பலகை அச்சாக உட்கார்ந்தது. ஓட்டுநர் கதவில் மட்டும் உட்கார மறுத்தது.

"அசல் பலகையைப் பழைய கார் பைத்தியம் யாருக்கோ வித்துட்டு, வேற வண்டிப் பலகைக்குத் தோல் போர்த்திக் கொடுத்துட்டார்னு டாக்டர் சொல்றார். சாயங்காலத்துக்குள்ள அசல் வரலேன்னா போலீஸ்ல புகார் கொடுப்பாராம். கடை போனாக்கூடப் பரவாயில்ல சார். திருடன் வீடுன்னு பேர் வாங்கிட்டு அந்தத் தெருவுல எப்படி இருக்கிறது?"

"உங்க அண்ணன் என்ன சொல்றார்?"

அவள் குரல் இறங்கியது. "அந்த ஷெட்டுல பெயின்ட்டுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒருதடவை மாட்டிப் பார்த்துடுவாங்க. அண்ணன்தான் மாட்டினார். அப்ப நாலும் சரியா உக்காந்துச்சுங்கறார்."

"அப்புறம்தான் பலகை உங்க வீட்டுக்காரர் கைக்குப் போச்சு. அவர் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கல. அதான் உங்க கிட்ட ஓடி வந்தேன்."

மூலையில் உட்கார்ந்திருந்தவன் முன்னால் நகர்ந்தான். "வாய் திறக்காத ஆளைத்தான் அத்தான் முதல்ல சந்தேகப்படணும்."

"யார் சார் இவர்?"

"என் சம்சாரத்தோட தம்பி. வக்கீல்னு கூப்பிடுவோம். சட்டம் படிக்கல. வாதாடறது மட்டும் பிறவியிலேயே வந்துடுச்சு" என்றார் சர்வேயர், சட்டையை மாட்டிக்கொண்டே.

ஷெட் முதலாளி அவர்களை வரவேற்ற விதமே வக்கீலுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் வந்து நின்றார். "எங்க கிட்ட எல்லாம் சுத்தம் சார். எடுத்துட்டுப் போனது அந்த ஆளு, மாத்தினது அந்த ஆளு. டாக்டர் வர்ற நேரம், சட்டுனு பாருங்க."

"இவர்தான் அத்தான்" என்று காதில் கிசுகிசுத்தான் வக்கீல். "வேர்க்குது பாருங்க."

"தகரக் கூரைக்கு அடியில நிக்கிறார். உனக்கும்தான் வேர்க்குது."

கரும்பச்சைக் கார் ஷெட்டின் நடுவில் கண்ணாடிபோல் மின்னியது. ஓட்டுநர் கதவு மட்டும் உள்ளே வெறும் தகடாக நின்றது. பலகையின் முதுகிலுள்ள கிளிப்புகள் நுழைவதற்கான ஓட்டைகள் அதன் ஓரமாக வரிசையாக இருந்தன. வக்கீல் பலகையைத் தூக்கி வைத்துப் பார்த்தான். கீழ்வரிசைக் கிளிப்புகள் அரைமனதோடு நுழைந்தன. மேல்வரிசை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. முழங்கையால் ஓர் இடி இடித்தான்.

"உடைச்சுடாதே. நம்ம கட்சிக்கு இருக்கிற சாட்சி அது ஒண்ணுதான்."

சர்வேயர் டார்ச்சை எடுத்தார். கீழ்வரிசை ஓட்டைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவில் நீண்டிருந்தன. அரத்தால் ராவிய வடிவம். பின்கதவின் பலகையைக் கழற்றச் சொன்னார். அங்கே ஓட்டைகள் எல்லாம் உருண்டை. மறுபடி முன்கதவுக்கு வந்து, நீண்ட ஓட்டை ஒன்றின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். பச்சை வந்தது, அதற்கடியில், பெயின்ட்டுக்கு முன் துருத் தடுக்கப் பூசும் பிரைமரின் சாம்பல் நிறம் வந்தது. பலகையைக் கவிழ்த்து அதன் முதுகை நீண்ட நேரம் பார்த்தார். நடுவில், கிளிப் வரிசைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் சிறு துளை ஒன்று. அதைச் சுற்றிப் பழுப்புத் துருவளையம் மரத்துக்குள் ஊறிப்போயிருந்தது.

"என்ன அத்தான் தெரியுது?"

"எல்லாரையும் கூப்பிடு."

டாக்டர் வந்து சேர்ந்தார். முதலாளி ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தார். டிங்கர், உருவத்துக்கு ஒவ்வாத மென்மையான குரல்காரர், கைகளைத் துணியில் துடைத்தபடியே நின்றார். குஷன்காரர் வாசலோடு நின்றுகொண்டார். அவர் மனைவி, புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஓர் இடம் தேடி, கிடைக்காமல் காரின் பின்பக்கம் போய் நின்றாள். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

"டாக்டர், உங்க அப்பா இந்தக் கதவுல ஏதாவது மாட்டியிருந்தாரா?"

டாக்டர் யோசித்தார். "ஒரு பித்தளைக் கொக்கி. கைத்தடி தொங்கவிட. ஆடக்கூடாதுன்னு திருகாணியைத் தகடு வரைக்கும் இறக்கியிருந்தார். இப்ப எதுக்குன்னு நான்தான் எடுத்துடச் சொன்னேன்."

"அப்ப தகட்டுல ஓட்டை இருந்திருக்கும். அதை மூடினது யார்?"

"நான்தான் சார்" என்றார் டிங்கர். "வெல்டிங் வெச்சு அடைச்சு, மேல தேய்ச்சு விட்டேன்."

"மேல தேய்ச்சீங்க. உள்பக்கம்?"

"உள்ள எப்படி சார் கை போகும் மெஷினோட?"

"மெஷின் போகாது. வெறும் கை போகும்." சர்வேயர் கதவுத் தகட்டின் பெரிய திறப்பு வழியாகக் கையை விட்டார். "டாக்டர், நீங்களும் விட்டுப் பாருங்க. வெல்டிங் வெச்சா பின்னால குமிழ் நிக்கும். இங்க வழவழன்னு இருக்கு. இந்தத் தகட்டுல திருகாணி எப்பவுமே இறங்கல."

டிரம் கிறீச்சிட்டது. முதலாளி எழுந்துவிட்டார்.

"இப்ப பலகையோட முதுகைப் பாருங்க. கொக்கி இருந்த அதே இடத்துல துளை. சுத்தித் துரு. இந்த மாதிரி ஊற வருஷக்கணக்காகும். குஷன்காரர் திருப்பிக் கொடுத்தது உங்க அப்பாவோட பலகைதான். மாறினது பலகை இல்ல, கதவு. அதே மாடல், வேற வருஷத்து வண்டி. வெளியில ஒரே மாதிரி. உள்ள கிளிப் வரிசை மட்டும் தள்ளியிருக்கு."

"முதலாளி!" என்று விரல் நீட்டினான் வக்கீல்.

"அவசரப்படாதே. இந்த ஓட்டைகளை யாரோ ராவியிருக்காங்க, பலகை உக்காரட்டும்னு. மாட்டற அன்னிக்கு ராவியிருந்தா தகடு வெள்ளையாப் பளபளக்கும். இங்க விளிம்புக்குள்ள பிரைமர் இருக்கு, அதுக்கு மேல பெயின்ட். அப்படின்னா பெயின்ட்டுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு இது பொருந்தாதுன்னு தெரியும். பெயின்ட்டுக்கு முன்னாடி மாட்டிப் பார்த்தது யார்?"

காரின் பின்பக்கம் நின்றவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் பார்க்காத ஓரம் அது" என்று சர்வேயர் தொடர்ந்தார். "ஏமாத்தணும்னு மட்டும் நினைக்கிறவன் ராவிட்டு அப்படியே விட்டிருப்பான். இவர் துரு பிடிக்கக்கூடாதுன்னு பிரஷ்ஷால உள்விளிம்பு வரைக்கும் பிரைமர் தொட்டு வெச்சிருக்கார். பொய்யான வேலையையும் ஒழுங்காச் செய்யாம இருக்க முடியல."

டிங்கர் துணியைக் கீழே போட்டார்.

"அசல் கதவுல இருந்த ஒடுக்கைச் சூடு காட்டி நிமிர்த்தப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலா வெச்சுட்டேன். நனைஞ்ச அட்டை மாதிரி நெளிஞ்சுபோச்சு." அவர் டாக்டரைப் பார்த்துத்தான் பேசினார், தங்கையின் பக்கம் திரும்பவில்லை. "பழைய இரும்புக் கடையில இதே கதவு கிடைச்சுது. தோல் தடிமன், அதான் உக்காரலேன்னு சொல்லி ஒப்பேத்திடலாம்னு நினைச்சேன். திருட்டு, போலீஸ்னு போகும்னு நினைக்கல. போனப்புறம்… வாய் வரல."

"வாய் வரலையா?" தங்கை முன்னால் வந்தாள். "நாலும் சரியா உக்காந்துச்சுன்னு சொல்ல வந்துச்சே அண்ணா, அந்த வாய்!"

அவள் புருஷனிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

குஷன்காரர் முதல்முறையாகப் பேசினார். "மாட்ட வந்த அன்னிக்கே தெரியும். இந்த ஊர்ல ஓட்டைக்குள்ள பிரைமர் தொட்டு வைக்கிறது உங்க அண்ணன் ஒருத்தர்தான்."

"பின்ன ஏன்யா சொல்லல?"

"சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்ததும், 'எங்க அண்ணன் பொய் சொல்வாரா?'ன்னு கேட்ட. நான் திருடினேனான்னு கேட்டிருந்தா, இல்லேன்னு சொல்லியிருப்பேன். அதை நீ கேக்கவே இல்ல."

முதலாளி, நடந்தது நடந்துவிட்டது, எல்லாரும் ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் என்று ஏதோ தொடங்கினார். டாக்டர் கையமர்த்தினார். பலகையைத் தானே தூக்கிக்கொண்டு குஷன்காரரிடம் வந்தார்.

"தப்பா நினைச்சுட்டேன். அசல் கதவை நிமிர்த்த முடியுதான்னு பார்க்கச் சொல்றேன். எந்தக் கதவானாலும், பலகையை நீங்கதான் மாட்டணும்."

"மாட்டறேன் சார்" என்றார் குஷன்காரர். ஆனால் கையை நீட்டவில்லை. "நீங்க என்னைத் திருடன்னு சொன்னது இங்க இல்ல. என் கடை வாசல்ல, பக்கத்துக் கடைக்காரங்க நிக்கும்போது சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கறேன்."

டாக்டரின் முகம் சிவந்தது. ஷெட்டில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்றார்.

இருவரும் வெயிலில் இறங்கினார்கள். மனைவி செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் குஷன்காரர் தெரு முனையை எட்டியிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை; புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தாள்.