ஒற்றைச் செருப்புச் சாமி

அந்தச் சாமிக்கு ஏன் எப்போதும் ஒற்றைச் செருப்பு மட்டும் வேண்டும்? வகுப்பில் பாதிப் பேர் இதே கேள்வியோடு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

'மலைராஜ்ஜியம்' என்ற கணினி விளையாட்டில் வரும் குறும்புச் சாமி அது. நாம் ஊரை விட்டுக் கிளம்பும் நேரம் பார்த்து, ஒரு செருப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் கோட்டைக் கதவை மூடிவிடுவார்கள்.

"அதுக்கு ஒரே கால்தான். அங்கிக்குள்ள மறைச்சு வச்சிருக்கு," என்றாள் புரொபசர். மூக்குக் கண்ணாடி போட்ட அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

"அப்ப நேத்து இடது செருப்பு, இன்னைக்கு வலது செருப்பு எடுத்துச்சே?" என்று மடக்கினாள் அவள் தோழி புயல்.

புரொபசர் கொஞ்சம் யோசித்தாள். "கால் மாத்தி மாத்தி முளைக்குது."

"போடி! அது கெட்ட சாமி. அவ்வளவுதான்."

புயலின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஓட்டத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். பள்ளியின் தொடர் ஓட்டக் குழுவிலும் இடம் கிடைத்திருந்தது. ஆனால் சில நாட்களாக, மாலையில் பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் ஒரு ஷூ காணாமல் போனது. திருடன் யார் என்பதும் தெரியும். நான்கு வயதுத் தம்பி பொடியன்தான். கேட்டால் அப்பாவி மாதிரி மின்விசிறியைப் பார்ப்பான்.

"இன்னொரு தடவை லேட்டா வந்தா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்," என்று பயிற்சி மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் அன்று காலையில் புயல் ஒரு தந்திரம் செய்தாள். இரண்டு ஷூ கயிறுகளையும் சேர்த்து இறுக முடிச்சுப் போட்டு வைத்தாள். இனி ஒன்றை மட்டும் எப்படி எடுப்பான்?

மாலையில் வந்து பார்த்தால், இரண்டுமே இல்லை!

"டேய் பொடியா!"

அம்மா கையை அசைத்து அடக்கினார். காதில் ஹெட்போன் மாட்டி, யாரோ ஒருவரின் ஃபிரிட்ஜ் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய வேலை. அது முடியும்வரை வீட்டில் மூச்சுக் காட்டக் கூடாது.

உள்ளறையில் பொடியன் பொம்மைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான். துண்டு போர்த்தி, இரண்டு ஷூக்களும் உள்ளே படுத்திருந்தன.

"உஷ்! தூங்குது."

"ஷூ எங்கயாவது தூங்குமாடா?"

"எழுப்பாதே அக்கா. எழுந்தா ஓடிப் போயிடும். நீயும் அதுகூடவே போயிடுவே."

முன்பெல்லாம் மாலையில் இருவரும் மாடிப்படியில் ரயில் ஓட்டுவார்கள். இப்போது அவன் சத்தமே போடாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இது ஏன் தனக்குத் தோன்றவே இல்லை என்று புயலுக்கு வருத்தமாக இருந்தது.

நேரம் ஓடியது. ஷூவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். தொட்டில்வரை நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"நீயும் வாடா. நான் ஓடி முடிக்கிற இடத்துல நீ நிக்கணும். இல்லைன்னா நான் நிறுத்தாம அடுத்த ஊருக்கே ஓடிடுவேன்."

பொடியன் பதறிப்போனான். அவனே துண்டை விலக்கினான்.

அம்மாவிடம் ஜாடையில் கேட்டபோது, அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, "கையை விடாம கூட்டிட்டுப் போ," என்றார்.

அப்புறம்தான் கஷ்டம். காலையில் போட்ட முடிச்சு அவிழ மறுத்தது! ஆளுக்கொரு பக்கம் இழுத்து அவிழ்த்து, மைதானத்தை அடைந்தபோது மிஸ் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"தப்பிச்சே. இது யாரு?"

"என்னை நிறுத்தற ஆள், மிஸ்."

பொடியன் இரண்டு கைகளையும் விரித்தபடி எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்றான். அன்று புயல்தான் முதலில் வந்தாள். அவன் அவள் கால்களைக் கட்டிக்கொண்டு பெருமையாகச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் கணினி முன் உட்கார்ந்தார்கள். புரொபசரும் அவள் வீட்டிலிருந்து அதே விளையாட்டில் சேர்ந்துகொண்டாள். குறும்புச் சாமி வழக்கம்போல் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"துரத்துடி!" என்று ஸ்பீக்கரில் கத்தினாள் புரொபசர்.

"பாவம் அக்கா. அதையும் கூட்டிட்டுப் போயேன்," என்றான் பொடியன்.

புயல் துரத்தவில்லை. துணைக்கு ஆள் சேர்க்கும் 'கூட வா' என்ற பொத்தானை அழுத்தினாள். இதுவரை யாரும் அந்தச் சாமியிடம் அதை அழுத்திப் பார்த்ததில்லை.

சாமி நின்றது. திரும்பி வந்தது. செருப்பை அவள் காலடியில் வைத்துவிட்டு, கோட்டைக் கதவைப் பார்த்துத் துள்ளிக் குதித்தபடி முன்னால் நடந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்சே?" புரொபசர் அலறினாள்.

"எங்க வீட்லயும் ஒரு சாமி இருக்குடி," என்றாள் புயல்.