தொப்பி போட்ட மரிசோல்

போன் அடித்தது.

பெர்னிஸ் ஹௌகெடால் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே எடுத்தாள். அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில் ஒரு மாவட்டத்துக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டர். பிப்ரவரி மாதம். துப்பினால் தரையைத் தொடுமுன் கட்டியாகிற குளிர்.

"மேடம்... யுனிவர்சிட்டி உருளைக்கிழங்கு லேப்லேர்ந்து பேசறேன். ப்ரொபசர் ஆஸ்ட்பி ஃப்ரீசர் ரூமுக்குள்ள... உக்காந்த வாக்குலயே செத்துக் கெடக்கறாரு."

காப்பி பாதியில் நின்றது.

வெண்டெல் ஆஸ்ட்பி ஃப்ரீசர் அறைக் கதவில் சாய்ந்து கிடந்தார். புருவத்தில் பனி. விரல் முட்டிகள் கிழிந்திருந்தன. உள்ளே இருந்து கதவை அடித்து அடித்துக் கிழிந்தவை.

மாட்டிக்கொண்டவர் தள்ளித் திறப்பதற்காக அந்தக் கதவின் உள்பக்கம் ஒரு இரும்புக் குமிழ் உண்டு.

அதைக் காணோம். யாரோ திருகிக் கழற்றியிருந்தார்கள்.

மொட்டையாக நின்ற கம்பியில் என்னவோ ஒட்டியிருந்தது. பெர்னிஸ் டார்ச் அடித்துப் பார்த்தாள். அதைச் சுரண்டி ஒரு உறையில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"யார் மேல சந்தேகம்?"

லேப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

"மரிசோல் யுபான்கி. பெரு நாட்டு விஞ்ஞானி. நேத்துதான் வந்தாங்க. வந்த வேகத்துல ப்ரொபசரைக் கன்னத்துல அறைஞ்சாங்க."

மரிசோல் மாடி அறையில் காவலில் இருந்தாள். உயரமான பெண். குட்டையாய் வெட்டிய சாம்பல் முடி, நீலக் கண்.

"நீங்கதான் மரிசோலா?" பெர்னிஸ் கொஞ்சம் தடுமாறினாள்.

"அப்பா பேரு வந்துச்சு, அம்மா மூஞ்சி வந்துச்சு. அம்மா வழி ஜெர்மனியிலேர்ந்து பெருவுக்குப் பிழைக்கப் போனவங்க. அதுக்கும் சேத்துக் கைது பண்ணப் போறீங்களா?"

"ஏன் அறைஞ்சீங்க?"

"அறையாம? விதை நிதின்னு குடுக்கறீங்களே, வெளிநாட்டோட கூட்டு சேந்து ஆராய்ச்சி ஆரம்பிக்கறதுக்கு. வெளிநாட்டுப் பங்காளி இல்லேன்னா இவங்களுக்கு ஒரு காசு கிடையாது. அதனால என் பேரைப் போட்டு வாங்கினாங்க. மலையில என் குடியானவங்க மூணு போகம் நட்டுத் தோண்டினாங்க. அவங்க கூலி எங்க? ஒருத்தருக்கும் வரல. என் காரை வித்து நான் குடுத்தேன். அதுவும் பத்தல."

மேஜையில் கிடந்த பல்கலைக்கழக விளம்பரத் தாளை எடுத்து பெர்னிஸ் முன்னால் வீசினாள். பெரிய தொப்பி, இரட்டைப் பின்னல், பக்கத்தில் ஒரு லாமா மிருகத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே: 'நம் பங்காளி, டாக்டர் மரிசோல் யுபான்கி.'

"இது யாரு?"

"எனக்குத் தெரியாது. அந்த லாமாவையும் தெரியாது."

"அறை வாங்கினதும் ப்ரொபசர் என்ன சொன்னாரு?"

மரிசோலின் குரல் தணிந்தது. "வெளுத்துப் போயிட்டாரு. 'கூலியை உங்க கையிலயே குடுத்தாச்சுன்னு சொன்னாங்களே'ன்னாரு. 'நாளைக்கு விழா மேடையில எல்லார் முன்னாடியும் கேக்கறேன்'னாரு. ராத்திரி ரூமுக்கே வந்து மன்னிப்பு கேட்டாரு. நல்ல மனுஷன். முட்டாள், ஆனா நல்ல மனுஷன்."

"கையைக் காட்டுங்க."

காட்டினாள். காய்த்துப்போன உள்ளங்கைகள். நகத்தில் மண். தோல் முழுசாக இருந்தது.

பெர்னிஸ் மூச்சு விட்டாள்.

அப்போது அவளுக்கு மேலிடத்திலிருந்து போன். மத்தியானம் சர்வதேசக் கூட்டுறவு விழாவாம். நாலு நாட்டு விருந்தாளிகளாம். அந்தப் பெருக்காரியை அதற்குள் சத்தமில்லாமல் கொண்டுபோய்விட வேண்டுமாம்.

"ஒருத்தன் வெறைச்சுச் செத்துக் கெடக்கான். உங்களுக்கு விழா கேக்குதா?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள். கதவோரம் நின்ற, கறுத்த முடியும் மாநிறமுமான பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள்.

"லூப்பே, யூனிஃபார்மைக் கழட்டிட்டு என் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு இந்த நாற்காலியில உக்காரு. சோகமா இரு."

"சம்பளத்தை நெனச்சுக்கறேன் மேடம்."

"மரிசோல், நீங்க அந்த மூலையில. வாயே திறக்கக் கூடாது. கோபம் வந்தா பல்லைக் கடிச்சுக்கோங்க."

"மூணு வருஷமா அதைத்தான் செய்யறேன்."

பெர்னிஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட கிரெய்க் டன்லீவி வந்தான். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கூட்டுறவு அலுவலகத்துக்கு டைரக்டர். வெயில் மாநிலமான ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவன். விதை நிதி அவன் கை வழியாகத்தான் போகும். பங்காளி நாட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, வயல் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு வருவதும் அவன் வேலை. வலது கையில் கட்டு.

பெர்னிஸ் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மரிசோலை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? வருஷா வருஷம் போறேனே ஆபீசர். பெருவுல, குஸ்கோ நகரத்துல, அவங்க வீட்டுலதான் சாப்பாடு. பாவம், நல்லவங்கதான். ஆனா முன்கோபம். அந்தப் பக்கத்து ஜனங்க ரத்தமே அப்படி."

"உள்ள இருக்காங்க. ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசுங்க."

டன்லீவி உள்ளே நுழைந்தான். அறையில் இரண்டு பெண்கள். மூலையில் இருந்த நீலக் கண்காரியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நேராகக் கறுத்த முடிக்காரியிடம் போனான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மரிசோல், டியர்... இப்படி ஒரு நிலைமையில உங்களைப் பாக்கணுமா? போன தடவை உங்க கையால குடிச்ச சூப்பு இன்னும் நாக்குல நிக்குது."

லூப்பே அவனையே பார்த்தாள்.

"சார், எனக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது."

"என்ன..."

"கான்ஸ்டபிள் லூப்பே சல்டிவார். பொறந்தது இதே ஊர்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரியில. பெருவை மேப்புல காட்டச் சொன்னாலே திணறுவேன்."

மூலையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் மரிசோல்," என்றாள் மரிசோல். "எங்க வீட்டுல சாப்பிட்டீங்களா? எங்க வீட்டுக் கதவு என்ன நிறம்னு சொல்லுங்க பாப்போம்."

டன்லீவி கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்தான்.

"கையில என்ன கட்டு?" பெர்னிஸ் கேட்டாள்.

"ஹாட்டிஷ்... அதான், இந்த ஊர்ல சுட்டெடுக்கற சாப்பாடு... அடுப்புலேர்ந்து பாத்திரத்தை எடுக்கறப்ப சுட்டுடுச்சு."

"சுட்டா கொப்பளிக்கும். அவிழுங்க."

அவன் அவிழ்க்கவில்லை. லூப்பே அவிழ்த்தாள். கொப்புளம் இல்லை. உள்ளங்கையில் ஒரு வட்டத்துக்குத் தோலே இல்லை.

பெர்னிஸ் உறையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஃப்ரீசர் கம்பியில ஒட்டியிருந்துது. வெறைச்ச இரும்பை வெறுங்கையால தொட்டா தோல் அங்கயே நின்னுடும். இந்த ஊர்ல நடக்கற குழந்தைக்குக்கூடத் தெரியும். குளிர் மலையிலேர்ந்து வந்த இவங்களுக்கும் தெரியும். கையுறை இல்லாம அந்தக் குமிழையும் கம்பியையும் தொடறவன், ஃப்ளோரிடாக்காரனாத்தான் இருக்கணும்."

டன்லீவி உட்கார்ந்துவிட்டான்.

"மேடையில கேப்பேன்னான்... சாம்பிள் ஒண்ணு பாக்கணும், காலையில சீக்கிரம் வான்னு கூப்பிட்டேன். எனக்கு வேற வழி தெரியல. நான் பெருவுக்குப் போனதே இல்ல. அந்த உயரத்துல தலை சுத்தும்னு சொன்னாங்க. டிக்கெட்டுக்குக் குடுத்ததுல படகு வாங்கினேன்."

"கூலி?"

"அதுவும் படகுலதான்."

மரிசோல் அவன் அருகில் வந்தாள். கையை ஓங்கினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம். நேத்து ஒரு தடவை தப்பான ஆளை அறைஞ்சுட்டேன். சரியான ஆளை அறைஞ்சா நிறுத்த முடியாது." பெர்னிஸ் பக்கம் திரும்பினாள். "நான் போகலாமா?"

"எங்க, ஊருக்கா?"

"மேடைக்கு. ஆஸ்ட்பி கேக்க இருந்ததை நான் கேக்கறேன். அந்தப் படகை வித்து என் ஜனங்களுக்குக் கூலி குடுக்கற வரைக்கும் மைக்கை விட மாட்டேன்."

"போங்க. யாராவது தடுத்தா என் பேரைச் சொல்லுங்க."

லூப்பே விலங்கை எடுத்தாள். டன்லீவி எழுந்து நின்றான்.

"நான்... என் வக்கீலைக் கூப்பிடணும்."

"தாராளமா கூப்பிடுங்க சார்," என்றாள் லூப்பே. "ஆனா மூஞ்சியை நல்லாப் பாத்துக் கையைப் பிடிங்க. அவசரத்துல லாமாவைக் கட்டிப் பிடிச்சுடப் போறீங்க."