கிதாருக்குள் ஒரு பலூன்

மழை விட்ட மறுநாள் சரோஜத்தின் அம்மா சரசம்மா ஒரு காரியம் செய்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள். அண்ணன் கிறிஸ்மஸ் கேரல் பாடப் போய் நனைத்துக்கொண்டு வந்த கிதாரை மொட்டை மாடியில், பப்படத்துக்குப் பக்கத்தில், சுள்ளென்ற வெயிலில் காயவைத்தாள்.

மாலையில் அண்ணன் தாசையன் கம்பியை மீட்டினான். இசை வரவில்லை. "கிர்ர்ர்" என்று வந்தது. பழைய கிதார் அது. சூட்டில் பசை விட்டு, உள்ளே மேல்பலகையைத் தாங்கும் மரச்சட்டம் ஒரு பக்கம் கழன்றுவிட்டது.

"பப்படம்னு நினைச்சியாம்மா?" என்றான் தாசையன். அதன்பிறகு அம்மாவோடு பேசவே இல்லை.

கரமனை தச்சுப் பட்டறைக்காரரோ, "முதுகைப் பிரிக்கணும். கிறிஸ்மஸ் கழிஞ்சு கொண்டுவா" என்று கையை விரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில் தாசையன் முதன்முதலாக வாசிக்க வேண்டும். அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைப்பதைச் சரோஜம் பார்த்துவிட்டாள்.

மறுநாள் அண்ணன் தம்பானூர் லாட்ஜ் வேலைக்குப் போனதும், கம்பிகளைத் தளர்த்தி, கிதாரின் வட்டத் துளைக்குள் கையை விட்டாள். அண்ணனின் கை நுழையாத இடத்தில் அந்தப் பத்து வயதுக் கை சுலபமாகப் போனது.

"அம்மா, சட்டம் கைக்கு எட்டுது. பசை தேச்சிரலாம்."

"அது காயுற வரைக்கும் உள்ள யாரு மக்களே பிடிச்சிட்டு இருப்பா?"

நியாயமான கேள்வி. சரோஜம் சுற்றுமுற்றும் பார்த்தாள். காகித நட்சத்திரத்தோடு தொங்கவிட வாங்கிய பலூன்கள் மேசையில் கிடந்தன.

"பலூன் பிடிக்கும்மா."

சட்டத்தில் விரலால் பசை தடவினாள். குழல்போன்ற பப்பாளி இலைத் தண்டின் நுனியில் பலூனைக் கட்டி, சட்டத்துக்கு அடியில் செருகி ஊதினாள். பாதியிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது.

"இங்க தா" என்று அம்மா வாங்கி ஊதினாள். உள்ளே பலூன் உப்பி, சட்டத்தை மேல்பலகையோடு அழுத்தியது.

அந்த நேரம் பார்த்துத் தாசையன் வந்து நின்றான். அம்மா கிதாரை நாதஸ்வரம்போல ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னவாக்கும் செய்யுதீங்க ரெண்டு பேரும்?"

அம்மாவால் வாயை எடுக்க முடியாது; காற்று போய்விடும். கண்ணாலேயே மகளைக் காட்டினாள். சரோஜம் எல்லாவற்றையும் சொன்னாள். தாசையனுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

"விட்டுராதம்மா, நான் கெட்டுதேன்." தண்டை மடக்கி நூலால் இறுக்கினான். "கோவத்துல உன்கிட்ட பேசாம இருந்துட்டேன்."

"சாரமில்ல மக்களே, போகட்டும். இனி நிழல்ல காயப்போடுதேன்."

பசை நன்றாகக் காய்ந்த பிறகு சரோஜம் பலூனை ஊசியால் குத்தினாள். 'டப்' என்றது. தாசையன் கம்பிகளை முறுக்கி மீட்டினான். கிதார் பழையபடி இனிமையாகப் பாடியது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே குடை. அதை அம்மா பிடித்துக்கொண்டு வந்தாள். சபைக்குள் நுழைந்தபோது மூன்று பேருமே தொப்பலாக நனைந்திருந்தார்கள். கிதார்மேல் ஒரு துளிகூட இல்லை.