இடது மேல் மூலை

கதவுக்குப் பக்கத்தில் ஒரு கறை இருப்பதாகப் பூதக்கண்ணாடிதான் முதலில் சொன்னான்.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர். அவள் வீட்டிலிருந்தபடியே செய்து அனுப்பும் செயலிகளைப் பல போன்களில் ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவன் வேலை. ஒரு பொத்தான் மயிரிழை விலகியிருந்தாலும் விடமாட்டான். பேனைப் பெருமாளாக்குவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீதான் என்று அவள் அவனைச் சீண்டுவது வழக்கம். ஆகவே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த அந்தப் பிற்பகலில் அவன் போன் செய்தபோது, வழக்கமான நச்சரிப்பு என்றுதான் நினைத்தாள்.

"அக்கா, குழந்தைக் கட்டில் வர்ற ஸ்கிரீன்ல, கதவுகிட்ட கறை மாதிரி ஏதோ இருக்கு."

"போன் கண்ணாடியைத் துடைச்சியா?"

"துடைச்சிட்டுத்தான் சொல்றேன். அந்தப் பழைய சின்ன போன் இருக்கில்ல, அதுல வருது. மத்ததுல இன்னும் போட்டுப் பார்க்கல."

"சரி, பார்க்கறேன். நாளைக்குக் காலையில கடைக்காரர்கிட்ட கொடுக்கணும். புதுசா எதையும் கிளறாதே."

கட்டில், மெத்தை விற்கும் ஒரு கடைக்கான செயலி அது. விரலால் தள்ளத் தள்ளக் கட்டில்கள் மாறும். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் தருவதாகச் சொன்ன படங்கள் கடைசிவரை வந்து சேரவில்லை. அப்படி வராதபோது இந்தத் தொழிலில் எல்லோரும் கையில் கிடைக்கிற படத்தை வைத்து இடத்தை நிரப்பிக்கொள்வார்கள். பூனை, மலை, யாரோ ஒருவரின் காலை உணவு. அவள் தன் மகளின் அறையைப் படம் எடுத்து வைத்தாள். வெறும் கட்டிலோடு ஒன்று. மகள் அதில் தூங்கும்போது ஒன்று. இரண்டாவது படத்தில் குழந்தையைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, குழந்தையை மட்டும் தனியாக எடுத்தாள். வெறும் கட்டிலின் மேல் அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்து, கட்டிலோடு கட்டினாள்.

கட்டுவது என்றால் கயிறு அல்ல. திரை சின்னதோ பெரியதோ, இது இதை விட்டு நகரக் கூடாது என்று எழுதி வைக்கிற ஒரு வரி. திரையில் உள்ள ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு அப்படிக் கட்டியே ஆக வேண்டும். கட்டாமல் விட்டது, கணினியில் செய்து பார்க்கும்போது வைத்த இடத்திலேயே சமர்த்தாக இருக்கும். போனில் ஓட விட்டதும் தாவி, திரையின் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வேலை பழகிய காலத்தில் அப்படி மூலையில் தொங்கிய பொத்தானைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை.

"அம்மா..." பக்கத்து அறையிலிருந்து வாண்டு கூப்பிட்டாள். ஐந்து வயது. காலையிலிருந்து காய்ச்சல். அப்பா வெளியூரில். "வந்து கையைப் பிடிச்சுக்கோம்மா. தூக்கம் வரமாட்டேங்குது."

"இதோ வரேன்டா கண்ணு. அஞ்சே நிமிஷம்."

அவளுடைய ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மத்தியானத்திலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அறைப் படத்தைத் திறந்து, கதவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரே படத்தைச் சின்னத் திரைக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று என்று பல அளவுகளில் வைத்திருப்பார்கள்; ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தாள். எதிலும் கறை இல்லை. பழைய படம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று, உருவாக்கி வைத்த செயலியை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினாள். இந்தத் தொழிலின் கஷாயம் அது. பாதி வியாதி அதிலேயே போய்விடும்.

தன் போனில் போட்டாள். அவளுடையது பூதக்கண்ணாடியின் பழைய போனைவிடப் பெரியது.

கதவருகே எதுவும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு, போனை வைக்கப்போனபோதுதான் பார்த்தாள். அது கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. கறை இல்லை. ஆள் உயரம். தோள் சற்றே முன்னால் வளைந்து, தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்க்கிற நிலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுவரின் மங்கலான நிறமே இருந்தது.

படம் எடுக்கும்போது தன் நிழல்தான் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் நிழல் என்றால் படத்தில் இருக்க வேண்டும். படத்தைத்தான் இப்போது அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடித்திருந்தாள்.

எழுந்து மகளின் அறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டிக்கென்று சொல்லிக்கொண்டு மெதுவாகச் சுழன்றது. காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனைக்கு அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, ஈரத்துணியும் பாச்சையுருண்டையும் கலந்த ஒரு வாசனை, அது அறை முழுக்க நின்றுகொண்டிருந்தது. மழைக்கு எல்லா வீட்டிலும் இப்படித்தான் வரும் என்று நினைத்தாள். வாண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். நெற்றி சுட்டது. கால்மாட்டில் யாரும் இல்லை. யாராவது இருப்பார்களா என்று பார்த்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து டேப்லெட்டை எடுத்தாள். வீட்டில் இருந்ததிலேயே பெரிய திரை அதுதான். எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் குறையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவள் கைக்கு இல்லை.

டேப்லெட்டில் அது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. முதுகைக் காட்டியபடி. அதன் கை, கை என்று சொல்வதற்குக் கொஞ்சம் அதிக நீளமான ஒன்று, குழந்தையின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா, பெரிய போன்ல போட்டுப் பார்த்தேன். அது கறை இல்ல, ஆளு." பூதக்கண்ணாடியின் குரலில் வழக்கமான குறும்பு இல்லை. "பாப்பா பக்கத்துல உட்கார்ந்திருக்கறது நீங்கதானேக்கா?"

அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "படத்துல அப்படி யாரும் இல்லைடா."

"படத்துல இல்லைன்னா லேஅவுட்லதான் இருக்கணும். வேற ஏதோ ஒண்ணு நடுவுல வந்து ஒட்டியிருக்கு. தேடி எடுத்துடுங்க. ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி, அதோட வேற எது கட்டியிருக்குன்னு பாருங்க. மஞ்சள் முக்கோணம் வந்தா நீங்க கண்டுக்கறதே இல்ல."

அது உண்மை. சிவப்பு வந்தால் வேலை நின்றுவிடும். சிவப்புக்குத்தான் அவள் பயப்படுவாள். மஞ்சள் வெறும் எச்சரிக்கை. திரையில் எந்நேரமும் பத்துப் பதினைந்து கிடக்கும். யாரும் மதிப்பதில்லை.

பதில் சொல்ல வாயெடுத்தபோது பக்கத்து அறையில் பேச்சுக் குரல் கேட்டது. வாண்டு யாரிடமோ ரகசியம் பேசுகிற மாதிரி. நடுவே ஒரு சின்னச் சிரிப்பு.

போனை வைத்தாள். "யார்கிட்டடா பேசறே?"

"நீ வேலையைப் பாரும்மா. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

ஓடினாள். வாசலில் கால் தடுக்கியது. வாண்டு மல்லாந்து கண்ணை மூடிக் கிடந்தாள். போர்வைக்கு வெளியே நீட்டிய வலது கையின் விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் வளைந்திருந்தன. கட்டிலின் விளிம்பில் மெத்தை குழிந்திருந்தது. கனமான யாரோ உட்கார்ந்த குழி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிப்பில் ஒரு சுருக்கம் மெல்ல இறுகியது.

குழந்தையை வாரி எடுக்கப் போனாள். வரவில்லை.

காலையில் டாக்டரிடம் தோளில் போட்டுக்கொண்டு போன குழந்தை. பஞ்சு மாதிரி இருப்பாள். இப்போது அக்குளில் கை கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தும், ஓர் இம்மி நகரவில்லை. தரையோடு சேர்த்து வார்த்த மாதிரி கிடந்தாள்.

"வலிக்குதும்மா. விடு."

கட்டியிருக்கிறது. அந்த எண்ணம்தான் வந்தது. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் கத்தியிருப்பாள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள். இவளுக்குத் தெரிந்த ஒரே வழி கணினிக்குத்தான் போனது. அங்கேதான் கட்டு. அங்கேதான் அவிழ்க்க வேண்டும்.

உட்காரவில்லை. நின்றபடியே, கட்டு வரிகளெல்லாம் எழுதி வைத்திருக்கும் லேஅவுட்டைத் திறந்தாள். கட்டிலுக்கான வரிகள். கீழே குழந்தைக்கான வரிகள். இரண்டுக்கும் நடுவில், அவள் எழுதாத ஒன்று. பெயர் இல்லை. படம் இல்லை. கட்டிலோடு அதைக் கட்டிய வரி மட்டும் இருந்தது. அதற்கு மேல் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. உயிரே கையில் இல்லாதபோது பொறுமை எங்கிருந்து வரும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அழித்தாள்.

ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் முளைத்தது. வழக்கமாக முளைப்பதுதான். கணினியில் தெரிந்த படத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அறை. கட்டில். கட்டிலின் மேல் குழந்தை. விளிம்பில் யாரும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போனில் ஓட்டினாள்.

செயலி உருவாகி போனுக்கு வரும் அந்தக் கொஞ்ச நேரம். மழை நின்றிருந்தது. மின்விசிறியின் டிக் கேட்டது. ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு கேட்கவில்லை.

போன் திரை ஒளிர்ந்தது.

அறை. கட்டில். கட்டில் காலி.

குழந்தை இடது மேல் மூலையில் இருந்தாள்.

அவள் மெல்லத் திரும்பி, கணினியில் அந்த மஞ்சள் முக்கோணத்தைத் தொட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதை முழுக்கப் படித்தாள். குழந்தை இப்போது எதனோடும் கட்டப்படவில்லை என்றது. கட்டியிருந்த பொருள் அழிக்கப்பட்டுவிட்டது என்றது. அவள் கட்டிலோடு கட்டி வைத்த குழந்தையை யாரோ அவிழ்த்து, அவள் இப்போது அழித்த அந்தப் பெயரில்லாததோடு கட்டியிருந்தார்கள். கையோடு கை.

பக்கத்து அறையில் சுவரை எதுவோ உரசியது. உயரத்தில்.

போனாள். போகாமல் இருக்க முடியுமா? வாசலில் நின்றாள். கட்டில் காலியாக இருந்தது. போர்வை கலையவில்லை. மெத்தையில் இரண்டு குழிகள், பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும், அவள் கண்ணெதிரே மெதுவாக மேலெழுந்து சமமாயின. அந்த வாசனை போய்விட்டிருந்தது. அறையில் இப்போது யாரும் இல்லை என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நிமிரக் கூடாது என்று நினைத்தாள்.

நிமிர்ந்தாள்.

இடது பக்கம். அலமாரிக்கு மேலே. இரண்டு சுவர்களும் கூரையும் சேரும் இடம். வாண்டு அங்கே இருந்தாள். முதுகு கூரையோடு ஒட்டி, முழங்கால் மடங்கி, படத்தில் தூங்கிய அதே நிலையில். அவளைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. அன்றைக்குப் படத்தை வெட்டும்போது அம்மா அவசரத்தில் சரியாக வெட்டாமல் விட்ட ஓரம்.

வலது கை மட்டும் கீழே தொங்கியது.

கட்டிலின் மேல் ஏறினாள். நுனிக்காலில் நின்றாள். கையை நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. தலையணையைப் போட்டு ஏறினாள். அப்போதும் ஒரு சாண். நாற்காலியை இழுத்து வந்து கட்டிலின் மேல் வைத்து ஏறினாள். அதே ஒரு சாண்.

"இதோ... இதோ வந்துட்டேன்டா கண்ணு. அம்மா வந்துட்டேன்."

வாண்டு கண்ணைத் திறக்கவில்லை.

"உனக்கு எட்டாதும்மா," என்றாள், தூக்கக் குரலில். "அவங்களைக் கூப்பிடு."

அம்மா நீட்டிய கைக்கு ஒரு சாண் மேலே, அந்தச் சின்ன விரல்கள் காற்றில் விரிந்தன. மூடின. மறுபடி விரிந்தன.